நீருக்கடியில் ஒரு முதுகு

அம்மாவைப் பார்க்கப் படகில்தான் போகவேண்டும்.

இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் உடனே ஒரு தீவைக் கற்பனை செய்துகொள்வார்கள். மகள் பொறுமையாக விளக்குவாள். அம்மாவின் சாம்பலை சிமென்ட்டோடு குழைத்து, கவிழ்த்து வைத்த அண்டா போல ஒரு கல் வார்த்தார்கள். மீன்கள் நுழைந்து வெளியே வர அதன் பக்கங்களில் ஓட்டைகள் விட்டார்கள். மேல்புறம் முழுக்க உயிருள்ள பவளத் துண்டுகளை ஒட்டி, குடாவின் ஆழம் குறைந்த பகுதியில் வேறு பல குடும்பங்களின் கற்களுக்கு நடுவே இறக்கிவிட்டார்கள். அம்மா கேட்டுக்கொண்டது அதுதான். "என் மேல ஏதாவது வளரட்டும். சும்மா கிடந்து எனக்குப் பழக்கமில்ல" என்றாள், கடைசி வாரத்தில்.

கல் நட்ட நிறுவனம் அதற்கு 'நினைவுக்கல்' என்று பெயர் வைத்திருந்தது. வீட்டில் 'அம்மா வீடு' என்றார்கள்.

ஞாயிறுதோறும் அப்பாவும் அவளும் போவார்கள். படகுத்துறையில் ஒரு சோப்புத் தொட்டி உண்டு. உடம்பில் கிரீம், எண்ணெய், சென்ட் எது பூசியிருந்தாலும் அங்கே தேய்த்துக் கழுவிய பிறகுதான் படகில் ஏறலாம். அந்தச் சட்டத்துக்குக் காவல் ஆமையக்கா. குடாவின் கற்களைப் பராமரிக்கும் முக்குளிப்புக்காரி அவள்தான். முதுகில் காற்று சிலிண்டரைச் சுமந்துகொண்டு எந்த அவசரமும் இல்லாமல் மேலே வருவதால் வந்த பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருந்துவிடுவாள்.

"சார், காதுக்குப் பின்னாடி?"

"கழுவிட்டேம்மா. வேணும்னா மோந்து பாரு."

"அதுக்கு வேற ஆளைப் பாருங்க."

அப்பா சிரித்துக்கொண்டே படகில் ஏறுவார். வேலை பார்த்த காலம் முழுக்க அவர் லிஃப்ட் மெக்கானிக். ஏற்றுவதும் இறக்குவதும்தான் தொழில். நீச்சல் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. முகக்கண்ணாடியை மாட்டி, மூச்சுவிடும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு கல் இருக்கும் இடத்தில் இறங்குவார். மேலே மிதந்து கொஞ்சம் ஆசுவாசப்படுத்திக்கொண்டு, மூச்சை அடக்கி உள்ளே போய்விடுவார்.

அவள் படகிலேயே உட்கார்ந்திருப்பாள். முதல் தடவை அவரோடு இறங்கப் பார்த்தபோது அப்பா தடுத்துவிட்டார். "புருஷன் பொண்டாட்டி பேசற எடத்துல உனக்கென்ன வேலை?"

அடிப்பாகம் கண்ணாடியான ஒரு வாளி படகில் இருந்தது. அதைத் தண்ணீரில் அழுத்திப் பிடித்தால் கீழே உள்ளதெல்லாம் துலக்கமாகத் தெரியும். அப்பா படகில் ஏறிய பிறகே அவள் அதை எடுப்பாள். முந்தி எடுப்பது கதவிடுக்கில் எட்டிப்பார்ப்பது போல அவளுக்குப் பட்டது.

அந்த வாளி வழியாகத்தான் முதல் வெள்ளையைப் பார்த்தாள்.

கல்லின் உச்சியில், சுண்ணாம்பை விரலால் தொட்டு வைத்தது போல ஒரு புள்ளி. சுற்றிலும் பவளம் தேன் நிறத்தில் ஆரோக்கியமாக இருந்தது. அடுத்த ஞாயிறு அந்தப் புள்ளி கோடாகியிருந்தது. அதற்கடுத்த ஞாயிறு கோடு இரண்டு பக்கமும் விரிந்து இறங்கியிருந்தது.

"அப்பா, அம்மா மேல என்ன அது, வெள்ளையா?"

"நல்லாத்தான் இருக்கா," என்றார் அப்பா துண்டால் தலையைத் துவட்டியபடி. "முன்னைக்கு இப்ப மெத்துனு இருக்கா."

அவள் வாளியைக் கொஞ்சம் நகர்த்தினாள். அடுத்த கல் யாரோ ஒருவருடையது. அதைப் பார்க்க ஒருவரும் வந்ததில்லை. 'பக்கத்து வீட்டுக்காரர்' என்று அப்பா அவருக்குப் பெயர் வைத்திருந்தார். அம்மாவின் சுபாவத்துக்கு இந்நேரம் அவருடைய ஏழு தலைமுறைக் கதையையும் கறந்திருப்பாள் என்பார். அந்தக் கல்லில் பவளம் கொம்பு கொம்பாகக் கிளைத்து, மஞ்சளும் ஊதாவுமாகத் தழைத்திருந்தது. மீன்கள் சந்தைக் கூட்டம் போல உள்ளே போவதும் வருவதுமாக இருந்தன. அம்மாவின் கல்லில் ஒரு மீனும் இல்லை.

வாராவாரம் ஆள் வரும் கல் வெளுக்கிறது. நாதியற்ற கல் பூக்கிறது.

அவள் வேலை பார்ப்பது ஒரு மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவில். மங்கலான அறை, உறுமும் இயந்திரம், கண்ணாடிக்குப் பின்னால் அவள். "மூச்சை இழுங்க. பிடிச்சுக்கோங்க. அசையாதீங்க. இப்ப விடலாம்." நாளெல்லாம் இதே மந்திரம். ஒருமுறை கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது தூக்கக் கலக்கத்தில் அவரிடமே "மூச்சை விடலாம்" என்று சொல்லியிருக்கிறாள்.

ஆமையக்கா எல்லாக் கற்களையும் அவ்வப்போது படம் எடுத்து உறவினர்களுக்கு அனுப்புவாள். அந்த மாதப் படம் வந்தபோது அவள் வேலையில் இருந்தாள். கைபேசியில் பார்த்தது போதாமல் எக்ஸ்ரே பார்க்கும் பெரிய திரையில் போட்டாள். இருட்டறையில் அந்த வெள்ளை தனியாகப் பளீரிட்டது.

வெள்ளை தாறுமாறாகப் பரவியிருக்கவில்லை. உச்சியிலிருந்து நடுவாக ஒரு பட்டை கீழே இறங்கியது. அதன் இரண்டு பக்கமும் வளைந்து அகன்று, மறுபடி ஒடுங்கியது. ஆயிரக்கணக்கான படங்கள் பார்த்த கண் அவளுடையது. கழுத்து, தோள்கள், முதுகு என்று அது தானாகவே படித்துவிட்டது. ஒரு பெண்ணின் முதுகு. விளிம்புகளில் நீளநீளமாக விரல் இழுத்த தடங்கள்.

திரையை அணைத்துவிட்டாள்.

தம்பி வெளியூரில் மருந்து விற்பனைப் பிரதிநிதி. அவனுக்குப் போன் போட்டாள்.

"முதுகா? அக்கா, நீ பஞ்சுமிட்டாயப் பார்த்தாலும் நுரையீரல்ல சளின்னு சொல்றவ."

"படத்தை அனுப்பறேன், நீயே பாரு."

படம் போய்ச் சேர்ந்தது.

"அப்பா எப்படி இருக்காரு?" என்றான், குரல் மாறி.

அதுதான் அவளுக்கும் பயம். அம்மா போன புதிதில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே இருப்பார். சாப்பிடு என்றால் சாப்பிடுவார், தூங்கு என்றால் படுப்பார். இப்போது காலையில் பாட்டு முணுமுணுக்கிறார். முகச்சவரம் செய்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்கு என்று இஸ்திரி போட்ட சட்டை தனியாகத் தொங்குகிறது. குளியலறை அலமாரியில் புது சன்ஸ்கிரீன் டியூப்கூட இருந்தது. படகில் வெயில் அதிகம், வாங்கியிருப்பார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் சாப்பிடும்போது அவராகச் சொன்னார்: "நேத்து கையை எடுத்தேன், விடமாட்டேன்னுட்டா."

"யாருப்பா?"

அப்பா அவளைப் பரிதாபமாகப் பார்த்தார், இது தெரியவில்லையே என்பது போல.

ஆமையக்கா அவளைத் தேடி மருத்துவமனைக்கே வந்துவிட்டாள். உப்புக் காய்ந்த தலைமுடியோடு எக்ஸ்ரே பிரிவின் பெஞ்சில், நோயாளிகளோடு நோயாளியாக உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள வாங்கக்கா. என்ன, எங்கயாவது அடியா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. உங்கம்மா கல்லுதான்." வெளியே யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டாள். "அது வேகமா வெளுக்குது. இதுக்குள்ள சின்னதா பாசி குடியிருக்கும். பவளத்துக்கு நிறமும் அதுதான், சோறு போடறதும் அதுதான். ஏதாவது தாங்கலன்னா பவளம் அந்தப் பாசிய வெளிய தள்ளிடும். அப்ப சதை கண்ணாடி மாதிரி ஆயிடும். நாம பாக்கற வெள்ளை அதோட எலும்பு."

"உயிரோட இருக்கறப்பவே எலும்பு தெரியுதா?"

"உனக்குத் தெரியாததா? தினமும் அதைத்தானே பாக்கற."

அவள் சிரிக்கவில்லை.

"கடல் சூடானா எல்லாக் கல்லும் சேர்ந்து வெளுக்கும். இங்க ஒண்ணே ஒண்ணு மட்டும் வெளுக்குது. எனக்குப் புரியல. அது செத்துப்போச்சுன்னா ஆபீஸ்ல சும்மா விடமாட்டாங்க. பாக்க வர்றவங்க மனசு கெட்டுப்போகுமாம். கிரேன் படகு வந்து தூக்கி, வெளிய ஆழத்துல கொண்டுபோய் வச்சிடுவாங்க. அங்க ஆளுங்க போக முடியாது."

"அப்பாகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். அதான் இவ்வளவு தூரம் வந்தேன்." ஆமையக்கா பெஞ்சின் விளிம்பைச் சுரண்டினாள். "கேட்டுட்டு அழல, சண்டை போடல. 'அந்த எடத்துல எவ்வளவு ஆழம்?'னு கேட்டாரு. அவ்வளவுதான். எனக்கு அந்தக் கேள்வி புடிக்கல."

அடுத்த ஞாயிறு அவள் சட்டைக்குள் நீச்சலுடை போட்டுக்கொண்டு போனாள்.

வெயில் கொளுத்தியது. சோப்புத் தொட்டியில் அப்பா வழக்கம் போல நறுவிசாகத் தேய்த்துக் கழுவினார். ஆமையக்காதான் படகை ஓட்டினாள். அப்பா இறங்கி, மிதந்து, உள்ளே போனதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆமையக்கா பேசாமல் இன்னொரு முகக்கண்ணாடியை நீட்டினாள். படகின் மறுபக்கம் வழியாக அவள் சத்தமில்லாமல் இறங்கினாள்.

உள்ளே முதலில் வெளிச்சம்தான் இருந்தது. வெயில் கோடு கோடாக இறங்கி மணலில் வலை பின்னியது. பக்கத்து வீட்டுக்காரரின் கொம்புகளுக்கு இடையே ஒளிந்து நின்று அவள் பார்த்தாள்.

அப்பா கல்லின் முன் முழங்காலிட்டிருந்தார். ஒரு கையால் ஓட்டையொன்றைப் பிடித்து உடம்பை நிறுத்திக்கொண்டார். இன்னொரு கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டு எதையோ எடுத்தார். டியூப். மூடியைப் பல்லால் திருகினார். வெள்ளை உள்ளங்கையில் புழுப்போல நெளிந்து விழுந்தது. கொஞ்சம் பிரிந்து பால் கலங்கியது போல நீரில் மிதந்தது.

பிறகு அவர் தடவ ஆரம்பித்தார்.

முதலில் இரண்டு விரலால் உச்சியிலிருந்து கீழ்நோக்கி ஓர் இழுப்பு. அப்புறம் உள்ளங்கையை விரித்து இடப்பக்கம் ஒரு வளையம், வலப்பக்கம் ஒரு வளையம். கடைசியில் நடுவாக நீள இழுத்து, ஒரு செல்லத் தட்டு.

அவள் வாய்க்குள் உப்புத்தண்ணீர் புகுந்தது. அந்தக் கை அசைவை அவள் சிறு வயது முழுக்க, ஒவ்வொரு காலையிலும் பார்த்திருக்கிறாள். அம்மாவுக்கு வெயில் பட்டால் தோல் சிவந்து தடித்துப் புண்ணாகிவிடும். வீட்டைவிட்டு இறங்கினாலே கிரீம் தடவ வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கை எட்டாத முதுகும் கழுத்தும் அப்பாவின் பொறுப்பு. எத்தனை சண்டை போட்டிருந்தாலும், பேச்சுவார்த்தையே இல்லாத நாளிலும், அம்மா முதுகைக் காட்டி நிற்பாள். அப்பா தடவிவிடுவார். முடிந்தது என்பதற்கு அந்தத் தட்டு.

இப்போது கல்லில் அவர் கை பட்ட இடத்திலெல்லாம் பவளத்திலிருந்து கோழை நூல் நூலாகக் கசிந்தது. கையை எடுத்தபோது அந்த நூல்கள் விரல்களோடு ஒட்டிக்கொண்டு நீண்டன. அவர் முகம் மலர்ந்திருந்தது. உதடுகள் அசைந்தன. சொற்களுக்குப் பதில் குமிழ்கள் மேலே போயின.

காற்றுக்காக அவள் மேலே வந்தாள். நீர்ப்பரப்பில் எண்ணெய்ப் படலம் வானவில்லாக மினுங்கி அவள் முகத்தில் அப்பியது. வாசனை மூக்கில் ஏறியது. அம்மாவின் வாசனை. உயிரோடிருந்த அம்மா புடவை மாற்றிக்கொண்டு அறையைக் கடந்தால் வருமே, அதே வாசனை, நடுக்கடலில்.

படகில் அப்பா எதையும் மறைக்கவில்லை. ஏன் மறைக்க வேண்டும் என்றே அவருக்குப் புரியவில்லை.

"என் உடம்புல ஒரு சொட்டு இல்லையே. சட்டப்படி கழுவிட்டுத்தானே வந்தேன்?"

"சார், கல்லுமேல ஏன் சார் தடவினீங்க?" என்றாள் ஆமையக்கா.

"நீதானேம்மா சொன்னே? கோடை வருது, சூட்டுலயும் வெயில்லயும் பவளம் வெளுத்துப்போகும்னு துறையில எல்லாருக்கும் சொன்னியே. அவளுக்கு வெயில் ஆகாதுன்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்ல. வெளுக்க ஆரம்பிச்சதும் இன்னும் கொஞ்சம் கெட்டியாத் தடவினேன்."

"அது அம்மாவோட தோலுக்கு டாக்டர் எழுதினதுப்பா," என்றாள் அவள்.

"நானும் அவ தோலுக்குத்தானே தடவினேன்?"

படகு ஆடிக்கொண்டிருந்தது. ஆமையக்காதான் விளக்கினாள்.

"ஆராய்ச்சி பண்றவங்க சிலபேர் இங்க வந்து போவாங்க சார், அவங்க சொல்லக் கேட்டது. சில கிரீம்ல இருக்கற மருந்து நம்ம தோல்மேல இருக்கறவரைக்கும் வெயிலத் தடுக்கும். பவளம் அதை உள்ள இழுத்துச்சுன்னா செரிச்சு வெளிய தள்ளப் பார்க்கும். அப்ப அது வேற ஒண்ணா மாறிடுது. மாறினதுக்கு அப்புறம் வெயில் பட்டா, தடுக்காது. உள்ள இருந்துகிட்டே சுடும். குடியிருக்கற பாசி விஷத்துல கொஞ்சத்தத் தனக்குள்ள வாங்கி வச்சுக்கும். வெளுத்துப்போன பவளத்துக்கு அந்தத் துணையும் இல்ல."

அப்பா டியூபைப் புரட்டிப் பார்த்தார். அதில் எழுதியிருந்ததைப் படிப்பது போல நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப எரிஞ்சிருக்குமா?"

"அப்பா..."

"நீ இரு. இவ சொல்லட்டும். நான் தடவத் தடவ எரிஞ்சிருக்குமா?"

ஆமையக்கா பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "அதுக்கு வலி எப்படியிருக்கும்னு யாருக்கும் தெரியாது சார். ஆனா நூல் நூலா கோழை வந்துச்சில்ல? அது சுகத்துல வர்றது இல்ல."

"ஒட்டிக்கிட்டு விடமாட்டேங்கறா, இன்னும் கொஞ்சம் தடவச் சொல்றான்னு நெனச்சேன்," என்றார் அப்பா, தன் உள்ளங்கையிடம். கரை வரும்வரை அந்தக் கையை மடியில் வைக்காமல், வேறு யாருடைய பொருளையோ பிடித்திருப்பது போலத் தள்ளிப் பிடித்திருந்தார். இறங்கும்போது மட்டும் கேட்டார்.

"இனிமே என்ன பண்ணலாம்?"

"தொடாம விடணும். முடிஞ்சா வெயில் படாம பாத்துக்கணும், மத்தியான வெயில்தான் மோசம். வலை கட்டி மறைக்கலாம்னு பாத்தா, நீரோட்டம் அடிச்சுட்டுப்போய் பக்கத்துக் கல்லெல்லாம் ஒடைச்சிரும். நான் ஆபீஸ்ல பேசி நாள் கேக்கறேன் சார். அதுக்குமேல என் கையில இல்ல."

அன்றிலிருந்து அப்பா பாட்டு முணுமுணுப்பதை நிறுத்தினார். மறுபடி நாற்காலிக்குத் திரும்புவார் என்று அவள் பயந்தாள். அதுவும் நடக்கவில்லை. அவள் வேலைக்குக் கிளம்பும்போதே அவரும் கிளம்பிவிடுவார். எங்கே என்றால் "சும்மா ஒரு நடை" என்பார். மாலையில் உதடு வெடித்து, கண் சிவந்து திரும்புவார். இரண்டு கவளம் சாப்பிட்டுப் படுத்துவிடுவார். விரல் நுனிகள் ஊறிச் சுருங்கியிருப்பதை அவள் கவனித்தாள். கேட்டால் பாத்திரம் தேய்த்தேன் என்றார். அந்த வீட்டில் அவர் பாத்திரம் தேய்த்ததாகச் சரித்திரமே கிடையாது.

தம்பி போனில் கத்தினான். "பேசாம இங்க கொண்டு வந்து விடு. கடலே இல்லாத ஊர் இது. ஒரு குளம்கூட இல்ல."

"வரமாட்டாருடா."

"கல்லைத் தூக்கிட்டா?"

"தூக்கிட்டா அதுகூடவே போயிடுவாரு," என்றாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது.

ஆமையக்காவின் அழைப்பு வந்தபோது ஒரு நோயாளி நெஞ்சை நிமிர்த்தி மூச்சைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"கிரேன் படகு இன்னிக்கு வருது. நான் எவ்வளவோ பேசிப் பாத்துட்டேன். காலையில நானே கல்லைப் பாத்தேன், பவளத்தோட பூ ஒண்ணுகூட விரியல. முழுக்க எலும்பு. அப்பா அங்கதான் இருக்காரு, தினமும் வர்றாரு. கூப்பிட்டா திரும்பல. பயப்படாத. ஆனா வா."

அவள் ஓடினாள். வாசல்வரை போய்விட்டு, மூச்சைப் பிடித்து நின்றவர் நினைவு வந்து திரும்பி வந்து "விடலாம்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஓடினாள்.

உச்சிப்பொழுதில் குடா கண்ணாடி போல அசைவற்றுக் கிடந்தது. தூரத்தில் கிரேன் படகு கறுப்பாக வந்துகொண்டிருந்தது. ஆமையக்கா படகை நிறுத்திய இடத்தில் நீர்மேல் ஓர் உடம்பு குப்புறக் கிடந்தது. கழுத்திலிருந்து கணுக்கால்வரை கறுப்பு உடை. கைகள் இரண்டும் விரிந்திருந்தன. முகம் நீருக்குள். மூச்சுக்குழாய் சாய்ந்து நின்றது. அதிலிருந்து சத்தம் ஏதும் வரவில்லை.

"அப்பா."

படகிலிருந்த முகக்கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொண்டு அவள் உடுப்போடு குதித்தாள். நீந்திப்போய் மணிக்கட்டைப் பிடித்தாள். ஜில்லென்றிருந்தது. வெயிலில் வாரக்கணக்கில் கிடந்த மனிதனின் கை அப்படியா இருக்கும்? நாடியைத் தேடினாள். அவளுடைய நெஞ்சின் இடிப்பில் எதுவும் பிடிபடவில்லை.

அப்போது அந்தக் கையின் ஒரு விரல் உயர்ந்தது. பொறு என்பது போல. பிறகு அதே விரல் வளைந்து கீழே காட்டியது.

அவள் முகக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கல் முழுக்க வெளுத்திருந்தது. இப்போது அதில் கழுத்தும் இல்லை, தோளும் இல்லை. வெயில் பட்ட இடமெல்லாம் கண் கூசும் எலும்பு. அந்த எலும்பின் நடுவே அப்பாவின் நிழல் விழுந்திருந்தது. தலையும் விரிந்த கைகளும் தெரிய, கல்லின்மேல் ஓர் ஆள் கவிழ்ந்து கட்டிக்கொண்டு படுத்திருப்பது போல.

நிழலுக்குள் ஏதோ அசைந்தது.

அவள் நெருங்கினாள். பவளத்தின் ஒவ்வொரு சின்னக் குழியிலிருந்தும் கண்ணாடி நிறத்தில் நுண்ணிய இதழ்கள் வெளியே வந்து நீரைத் துழாவிக்கொண்டிருந்தன. இருட்டினால் மட்டும் பசியாற வெளிவரும் பூக்கள் அவை. நிழலின் எல்லைவரை விரிந்திருந்தன. எல்லைக்கு அந்தப்பக்கம் ஒன்றுகூட இல்லை. தலை, கழுத்து, தோள், கைகள் என்று ஓர் ஆளின் வடிவத்தில் அந்த எலும்பின்மேல் உயிர் முளைத்திருந்தது.

மேலே ஒரு சிற்றலை அப்பாவை அரையடி நகர்த்தியது. நிழலும் நகர்ந்தது. வெயில் விழுந்த ஓரத்தில் இதழ்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. நிழல் புதிதாக விழுந்த ஓரத்தில் மெல்ல, தயங்கித் தயங்கி, ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன. அந்த வடிவம் முழுவதுமாக, மிக மெதுவாக, அவர் போன பக்கம் நகர்ந்து வந்தது. அப்பா கையைச் சற்றே துழாவிப் பழைய இடத்துக்கு வந்தார். அதுவும் அவரோடு திரும்பியது.

அவள் மேலே வந்து படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லு," என்றாள் ஆமையக்கா. "உயிர் இருக்கா?"

"இருக்கு."

"யாருக்கு? சாருக்கா, கல்லுக்கா?"

"போய்ப் பாருங்கக்கா."

ஆமையக்கா சிலிண்டரை மாட்டிக்கொண்டு இறங்கினாள். கிரேன் படகு நெருங்கி வந்து நின்றது. சங்கிலி கிணுகிணுத்தது. ஆமையக்கா எந்த அவசரமும் இல்லாமல் கீழேயே இருந்தாள். மேலே வந்தபோது முகக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கிரேன்காரனைப் பார்த்துக் கையைக் குறுக்கே ஆட்டினாள்.

"திரும்பிப் போ. கல்லு சாகல."

"ஆபீஸ்ல செத்துப்போச்சுன்னு எழுதியிருக்கு."

"எழுதினது நான்தான். இப்ப சாகலன்னு சொல்றதும் நான்தான்."

கிரேன்காரன் தோளைக் குலுக்கினான். பிறகு நீரில் கிடந்த கறுப்பு உருவம் அவன் கண்ணில் பட்டது. குனிந்து பார்த்தான். குரல் தாழ்ந்தது.

"அய்யோ, யாருக்கா அது? பொணமா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் அசையாம கிடக்காரு?"

"அசைஞ்சா அவங்க வீட்டம்மா மேல வெயில் படும்," என்றாள் ஆமையக்கா.

அவன் எஞ்சினை முடுக்கப் போன கையை எடுத்துவிட்டான். ஒரு நீளக் கழியை எடுத்து, அடியில் ஊன்றி, ஓர் அலைகூட எழாமல் தன் படகைப் பின்னால் தள்ளிக்கொண்டு போனான்.